எந்தக் கம்பெனி டெலி ஜூம் ரொம்ப ஷார்ப்பு? – ஒரு பழைய சண்டையின் வரலாறு

கேமரா வாங்கி ஆறு மாசம் ஆனவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல வந்து நிக்கிற இடம் இது. கூடவே வந்த சின்ன லென்ஸ் போரடிச்சிடும். கொக்கு, மைனா, மேடையில பாடுறவங்க, மைதானத்துல ஆடுற பசங்கன்னு தூரத்துல இருக்கிறதை எல்லாம் கிட்ட இழுக்கணும்னு ஆசை வரும். உடனே அடுத்த கேள்வி. கேனானா, நிக்கானா, சோனியா? இல்ல, பாதி விலைக்குக் கிடைக்கிற சிக்மாவா, டாம்ரானா? எது ரொம்ப ஷார்ப்பு?

எங்க ஆபீஸ்ல டீ நேரத்துல இந்தச் சண்டை ஆரம்பிச்சா ரஜினி-கமல் சண்டை எல்லாம் தோத்துடும். ஆளுக்கொரு கட்சி. ஆனா விஷயம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. நல்ல எஃப் 2.8 டெலி ஜூம் ஒண்ணு நம்மள மாதிரி ஆளோட ஒரு மாச சம்பளத்தை முழுசா முழுங்கிட்டுத்தான் பைக்குள்ள வரும். அதனால பதில் தெரிஞ்சாகணும். அதுக்கு விலைப்பட்டியலை விட வரலாறுதான் உதவும்ங்கிறது என் கட்சி. ஒரு ஜூம் லென்ஸோட கூர்மை மூணு இடத்துல இருந்து வருது: கணக்கு, கண்ணாடி, கைவேலை. வெளியில பொறிச்சிருக்கிற பேர் அதுக்கு அப்புறம்தான்.

டெலி வேற, ஜூம் வேற

நாம ரெண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிட்டோம். ஆனா ரெண்டும் தனித்தனியாப் பிறந்தவை. நீளமான ஃபோகல் லெங்த் உள்ள லென்ஸைக் குட்டையாகச் செய்யும் தந்திரம்தான் டெலிஃபோட்டோ. முன்னாடி ஒளியைக் குவிக்கும் தொகுதி, பின்னாடி அதைக் கொஞ்சம் விரிக்கும் தொகுதி. 1891-ல் லண்டனில் தாமஸ் டால்மேயர், பெர்லினில் அடால்ஃப் மீதே, மியூனிக்கில் அடால்ஃப் ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தனித்தனியாக இதைக் கொண்டு வந்தார்கள். அதாவது, யாரு முதல்லங்கிற பிராண்டு சண்டை அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு :-)

ஜூம் அதற்குப் பிறகு. 1902-ல் அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் காப்புரிமை வாங்கினார். 1932-ல் இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் செய்த, பெல் அண்ட் ஹவல் விற்ற 'குக் வாரோ' 40-120 மிமீ லென்ஸ் சினிமாக்காரர்கள் கைக்கு வந்தது.

ஜூம் ஏன் கஷ்டம்? சாதாரண லென்ஸ் ஒரே ஒரு ஃபோகல் லெங்த்தில் சரியாக இருந்தால் போதும். அதிலே ஒரு கண்ணாடி பண்ணும் தப்பை இன்னொரு கண்ணாடி சரிக்கட்டும். ஜூமில் உள்ளே இருக்கும் தொகுதிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். 80-ல் சரிக்கட்டிய தப்பு 135-ல் மறுபடி தலை தூக்கும். அதைச் சரி பண்ணினா 200-ல் உதைக்கும். ஒரு பக்(bug)கை எடுத்தா ரெண்டு முளைக்கிற பழைய கோடு மாதிரிதான். பழைய ஜூம்கள் எல்லாம் மொக்கைன்னு பேர் வாங்கினதுக்கு முதல் காரணம் இதுதான்.

கணக்குப் பிள்ளைகள்

லென்ஸ் வடிவமைப்பு என்றால் அடிப்படையில் ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு வளைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. பள்ளிக்கூடத்துல படிச்ச ஸ்நெல் விதிதான். ஆனா ஆயிரக்கணக்கான தடவை போடணும்.

1840-ல் வியன்னாவில் யோசஃப் பெட்ஸ்வால் தன் போர்ட்ரெயிட் லென்ஸுக்கு இந்தக் கணக்கைப் போட ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலிருந்து கணக்கில் கெட்டிக்காரர்களான வீரர்களைக் கடன் வாங்கினார். குண்டு எங்கே விழும்னு கணக்குப் போட்டவங்களுக்கு ஒளி எங்கே விழும்னு போடத் தெரியாதா என்ன! அதுக்கப்புறம் நூறு வருஷம் மடக்கை அட்டவணையும் (லாக் டேபிள்தாங்க) கையால் சுற்றும் கணக்கு இயந்திரமும்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிபிசி தன் தொலைக்காட்சிக் கேமராவுக்கு நல்ல ஜூம் வேண்டும் என்று கேட்டபோது, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் செய்து கொடுத்தார். அப்போதும் கதிர்க் கணக்குகளை மனிதர்கள்தான் போட்டார்கள். 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு அன்றைக்கு இருந்த அர்த்தமே அந்தக் கணக்கர்கள்தான். அவர்கள் பெயர் எந்த லென்ஸின் மேலும் கிடையாது.

அடுத்த கட்டம்தான் நம்ம தொழில்காரங்களுக்கு சுவாரசியம். கணினியை முதன்முதலாக வாங்கினவர்கள், கட்டினவர்கள் வரிசையில் லென்ஸ் கம்பெனிகள் முன்னால் நிற்கின்றன. ஜெர்மனியில் கோன்ராட் ட்சூஸ கட்டிய இசட்5 கணினி 1953-ல் போன இடம் லைக்கா கேமரா செய்த லைட்ஸ் நிறுவனம். யேனா நகரத்து சைஸ் நிறுவனம் 1950களின் நடுவில் 'ஓப்ரெமா' என்று தானே ஒரு கணினி கட்டியது. ஜப்பானில் ஃபூஜி ஃபிலிமில் வேலை பார்த்த ஒகசாகி புன்ஜி கிட்டத்தட்டத் தனி ஆளாக, சுமார் 1,700 வெற்றிடக் குழாய்களை வைத்து 'ஃபூஜிக்' என்ற கணினியை 1956-ல் முடித்தார். அதுதான் ஜப்பானின் முதல் மின்னணுக் கணினி. எதுக்காகக் கட்டினார்? லென்ஸ் கணக்கு போடத்தான்! மனிதர்கள் போடுவதை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கணினி எல்லா நாட்டுக்கும் எல்லா கம்பெனிக்கும் ஒரு இருபது வருஷத்துக்குள்ள கிடைச்சிருச்சு. கணக்கை வச்சு மட்டும் ஒரு பிராண்டு இன்னொண்ணை ரொம்ப நாள் முந்திட்டே இருக்க முடியாதுன்னு அப்பவே எழுதியாச்சு.

நிக்கானின் மூணு ஜூம்

35 மிமீ ஸ்டில் கேமராவுக்கு வந்த முதல் ஜூம் 1959-ல் வந்த வோய்க்ட்லெண்டர் ஸூமார் 36-82 மிமீ எஃப் 2.8. வடிவமைத்தவர் அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பாக். அதே 1959-ல் நிக்கான் 'எஃப்' கேமராவை வெளியிட்டது. கூடவே 85-250 மிமீ டெலி ஜூம் ஒன்றையும் அறிவித்தது. எடை சுமார் 2 கிலோ. கழுத்தில் மாட்டினால் கழுத்து போயிடும்.

1963-ல் அடுத்தது, 43-86 மிமீ எஃப் 3.5. வடிவமைத்தவர் ஹிகுச்சி தகாஷி. இது டெலி கிடையாது. ஆனாலும் இந்தக் கதையில் இதற்கு இடம் உண்டு. சாதாரண ஆளும் வாங்கக்கூடிய விலை, தினமும் தூக்கக்கூடிய எடை என்ற கட்டுப்பாட்டுக்குள் ஒரு ஜூம் செய்ய வேண்டும் என்பதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. வெறும் 9 எலிமென்டில் முடித்தார். விற்பனையில் பிய்ச்சுக்கிட்டு போச்சு. ஆனா நேர்க்கோடு வளையும், வெளிச்சம் எதிரே வந்தா படம் வெளுக்கும், ஓரம் மழுங்கும். 'ஜூம்னாலே ஷார்ப்பு கிடையாது' என்ற பேச்சுக்கு இந்த ஒரு லென்ஸ் உதாரணமாகப் பல வருஷம் அடிபட்டது. நான் இந்த லென்ஸ் பக்கம்தான் பேசுவேன். கூர்மைங்கிறது எவ்வளவு காசுக்கு, எவ்வளவு எடைக்குங்கிற கேள்வியோட சேர்த்துக் கேட்க வேண்டியது. ஹிகுச்சிக்குக் கொடுத்த பட்ஜெட்டை மறந்துட்டு அவர் லென்ஸைத் திட்டுறது நியாயமே இல்ல.

மூன்றாவது 1970-ஐ ஒட்டி வந்த 80-200 மிமீ எஃப் 4.5. 10 தொகுதிகளில் 15 எலிமென்ட். ஒரே வளையத்தை இழுத்தா ஜூம், திருப்பினா ஃபோகஸ். ஜூம் பக்கமே போக மாட்டேன் என்றிருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது இது. அதே கம்பெனி, ஏழே வருஷ வித்தியாசம், ஒண்ணு கெட்ட பேர், ஒண்ணு நல்ல பேர். அப்போ 'நிக்கான் ஜூம் ஷார்ப்பா?'ங்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வீங்க?

கண்ணாடி

இப்போ ரெண்டாவது விஷயம். டெலி லென்ஸின் பரம எதிரி நிறப்பிறழ்ச்சி. சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியில் குவியாது. ஃபோகல் லெங்த் நீள நீள இந்தத் தப்பும் பெரிதாகிக்கொண்டே போகும். வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு தெரியுமே, அதுதான்.

ஃப்ளோரைட் என்ற கால்சியம் ஃப்ளோரைடு படிகம் நிறங்களை ரொம்பக் கொஞ்சமாகவே பிரிக்கும். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபே 1880களிலேயே நுண்ணோக்கி லென்ஸில் இதைப் பயன்படுத்திவிட்டார். ஆனால் இயற்கையில் கிடைக்கும் நல்ல படிகங்கள் சின்னச் சின்னவை. நுண்ணோக்கிக்குப் போதும், கேமராவுக்குப் பத்தாது. கேனான் செயற்கையாகப் பெரிய படிகம் வளர்க்கக் கற்றுக்கொண்டு 1969-ல் 300 மிமீ எஃப் 5.6 லென்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நிக்கான் வேறு வழியில் போய் 1970களின் தொடக்கத்தில் 'இ.டி.' என்ற குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடியைக் கொண்டு வந்தது. ஃப்ளோரைட் வெப்பத்தில் கொஞ்சம் விரியும். வெயில் சூட்டைக் குறைக்கத்தான் பெரிய டெலி லென்ஸ்களுக்கு வெள்ளை வண்ணம் என்பது கேனானின் விளக்கம். ரெண்டு கட்சிக்காரங்களும் பல வருஷம் என் கண்ணாடிதான் ஒசத்தின்னு நின்னாங்க. கடைசியில 2016-ல் நிக்கான் தன்னோட 70-200-லயே ஒரு ஃப்ளோரைட் எலிமென்டைச் சேர்த்துக்கிச்சு!

கண்ணாடியோடு சேர்ந்த இன்னொரு விஷயம் மேல்பூச்சு. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். 10 தொகுதி என்றால் 20 பரப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க, உள்ளே போன 100-ல் சுமார் 44 தான் மறுபக்கம் வரும். மீதியில் ஒரு பங்கு உள்ளேயே அலைந்து திரிந்து படத்தின் மேல் வெள்ளைத் திரையாக விழும். ஒரு பரப்புக்கு இழப்பு அரை சதவீதமாக இறங்கினால் 100-க்கு 90 வந்துவிடும். 1971-ல் பென்டாக்ஸ் தன் லென்ஸ்களில் கொண்டு வந்த பல அடுக்குப் பூச்சும், மற்றவர்கள் தொடர்ந்து கொண்டு வந்தவையும் செய்த வேலை இதுதான். பதினெட்டு, இருபது எலிமென்ட் உள்ள இன்றைய ஜூம்களுக்கு வழி திறந்து விட்டது பூச்சு.

பேர் ஒண்ணு, பட்டறை ஒண்ணு

பிராண்டு பக்தர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம் :-)

லைக்கா ஆர் கேமராவுக்கு 1984-ல் வந்த வாரியோ-எல்மார் 70-210 மிமீ எஃப் 4-ஐச் செய்தது ஜப்பானின் மினோல்டா. அதே ஒளியியல் வடிவம்தான் 1985-ல் மினோல்டாவின் ஆட்டோஃபோகஸ் கேமராவுக்கு வந்த 70-210 எஃப் 4-லும் இருந்தது. பீர் டின் மாதிரி இருப்பதால் அதற்கு 'பீர்கேன்' என்று செல்லப்பெயர். லைக்கா என்று பொறித்தால் ஒரு விலை, மினோல்டா என்று பொறித்தால் ஒரு விலை. 2006-ல் மினோல்டாவின் கேமராத் தொழிலை சோனி எடுத்துக்கொண்ட பிறகு அந்த பீர்கேன் சோனி கேமராக்களிலும் மாட்டப்பட்டது. இப்போ இது யாரோட ஷார்ப்னெஸ்?

இன்னொன்று அமெரிக்காவின் விவிட்டார். அவர்களுக்குச் சொந்தமாக லென்ஸ் பட்டறை கிடையாது. 1970களில் வந்த அவர்களது சீரீஸ் 1 70-210 மிமீ எஃப் 3.5 லென்ஸ் கணினி உதவியோடு அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது, ஜப்பானில் கினோ நிறுவனத்தில் செய்யப்பட்டது. கேமராக் கம்பெனி அல்லாதவர்களின் ஜூம்களை இளக்காரமாகப் பார்த்தவர்கள் இதை மதித்து வாங்கினார்கள். 2010களில் சிக்மா, டாம்ரான் 70-200கள் சொந்த பிராண்டுகளோடு தோளோடு தோள் நின்றபோது எல்லாரும் அதிசயப்பட்டோம். அது நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவை நடந்த கதைதான்.

படச்சுருள் மன்னிச்சது, சென்சார் மன்னிக்கல

1980களின் கடைசியில் நிக்கான், மினோல்டா, கேனான் மூன்றுமே 80-200 எஃப் 2.8 ஆட்டோஃபோகஸ் ஜூமோடு களத்தில் இருந்தன. கேனான் 1995-ல் அதை 70-200 ஆக்கியது. 2001-ல் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி. எலிமென்ட் எண்ணிக்கை 18-லிருந்து 23 ஆனது. 2010-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு ஃப்ளோரைட், ஐந்து யு.டி. எலிமென்ட்கள்.

நிக்கானின் கதை இன்னும் ருசியானது. 2003-ல் அவர்களின் 70-200 வி.ஆர். வந்தபோது நிக்கானின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களில் எல்லாம் சின்ன சென்சார்தான். லென்ஸ் வரையும் வட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே படமாகும். எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். 2007-ல் முழு அளவு சென்சாரோடு டி3 வந்தது. அதே லென்ஸ், 200 மிமீ, ஓரத்தைப் பார்த்தால் மழுங்கல். லென்ஸ் மாறவில்லை, பார்க்கிற ஜன்னல்தான் பெரிதானது. 2009-ல் இரண்டாம் பதிப்பு ஓரத்தைச் சரிசெய்தது. ஆனால் கிட்டத்தில் ஃபோகஸ் பண்ணினால் 200 என்று சொல்லும் லென்ஸ் அதைவிட ரொம்பக் குறைவான ஃபோகல் லெங்த்தில் வேலை செய்தது. அதிகபட்ச உருப்பெருக்கம் 0.12 மடங்குதான். கல்யாண வீட்டில் முகத்தை நெருக்கமாக எடுக்கிறவர்களுக்கு இது பெரிய குறை, தூரத்தில் ஆட்டம் எடுக்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. 2016 பதிப்பில் அது 0.21 ஆனது. 'எது ஷார்ப்பு'ன்னு கேட்டா 'எந்த கேமராவுல, எவ்வளவு தூரத்துல'ன்னு திருப்பிக் கேட்கச் சொல்றது இந்த அனுபவம்தான்.

இன்னொரு கணக்கு. 45 மெகாபிக்சல் படம் அகலத்தில் 8256 பிக்சல். சாதாரண மானிட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கினால் ஏழடிக்கும் மேல் அகலமான போஸ்டரை ரெண்டடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். படச்சுருள் காலத்தில் யாரும் தன் படத்தை அப்படிப் பார்த்தது கிடையாது. பழைய லென்ஸ் எல்லாம் ராத்திரியோட ராத்திரியா மொக்கை ஆயிடல.

அளவுகோலும் ஆளுக்கொண்ணு

சரி, நம்பரை வச்சு அடிச்சுப் பாத்துடலாமே? பார்க்கலாம், ஆனா ஜாக்கிரதை. கறுப்பு வெள்ளைக் கோடுகளை லென்ஸ் எவ்வளவு கான்ட்ராஸ்ட் குறையாமல் படம் பிடிக்கிறது என்பதைச் சொல்வது எம்டிஎஃப் வரைபடம். 1946-ல் பிரான்ஸின் தூஃபியூ எழுதிய நூலும், அமெரிக்காவில் தொலைக்காட்சிக்காக ஆட்டோ ஷேட் செய்த வேலையும், நம்ம ஹாப்கின்ஸும் சேர்ந்து இதை நிலைநாட்டினார்கள்.

ஆனால் கேனான் மில்லிமீட்டருக்கு 10, 30 கோடி(ஜோடி)களுக்கு வரையும். சைஸ் 10, 20, 40-க்கு வரையும். கேனானும் நிக்கானும் தருவது வடிவமைப்பிலிருந்து கணக்கிட்ட வளைவு. சைஸ் தருவது செய்து முடித்த லென்ஸை அளந்த வளைவு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா, 'என் மிஷின்ல நல்லா ஓடுச்சே சார்'ங்கிறதையும் கஸ்டமர் இடத்துல ஓடுறதையும் ஒப்பிடுற மாதிரி. ஒரே கம்பெனியோட பழைய லென்ஸ், புது லென்ஸை ஒப்பிட அந்த வரைபடம் உதவும். கம்பெனிக்குக் கம்பெனி தாண்டினா உதவாது.

கைவேலை

கடைசி விஷயம். வடிவம் சரி, கண்ணாடி சரி. இருபது எலிமென்டையும் துல்லியமாக ஒரே அச்சில் நிறுத்திக் கோர்க்கணும். ஜூம் பண்ணும்போது அவை நகரவும் வேண்டும், சாயவும் கூடாது. அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தின் ரோஜர் சிக்காலா இதைத்தான் ஊருக்குப் புரியவைத்தார். அடிப்படையில் அவர் ஒரு டாக்டர். ஒரே மாடல் லென்ஸில் பத்துப் பிரதிகளை வரிசையாக வைத்து அளந்தால் பத்தும் பத்து விதம். ஜூம்களில் இந்த வித்தியாசம் ஒற்றை ஃபோகல் லெங்த் லென்ஸ்களை விட அதிகம். 70-ல் பளிச்சென்று இருக்கும் பிரதி 200-ல் கொஞ்சம் சறுக்கும், பக்கத்துப் பிரதி தலைகீழ். ரெண்டு பிராண்டுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தை விட ஒரே பிராண்டோட ரெண்டு பிரதிக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் பெரிசா இருக்க முடியும்னா, ஒவ்வொரு லென்ஸ் மட்டும் வாங்கி ஒப்பிட்டு 'இவன் ஜெயிச்சான்'னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்?

அதோட நம்ம கை வேற. 200 மிமீ-ல் கை ஆடுற ஆட்டத்துக்கு முன்னாடி ஃப்ளோரைட்டாவது ஒண்ணாவது. 1995-ல் கேனான் 75-300 மிமீ லென்ஸில் நடுக்கத் தடுப்பைக் கொண்டு வந்ததை, நம்மள மாதிரி ஆளுங்களோட கூர்மைக்குக் கிடைச்ச பெரிய பரிசுன்னே சொல்வேன். ஸ்டாண்டு போடாம எடுக்கிறவனுக்கு விலை உயர்ந்த கண்ணாடி கொடுக்காததை அது கொடுத்தது.

அப்போ எதைத்தான் வாங்குறது?

ஒரே காலகட்டம், ஒரே விலை, ஒரே எஃப் எண் உள்ள லென்ஸ்களை எடுத்துக்கிட்டா, எஃப் 8-ல் எந்தக் கம்பெனிக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் கிடைக்காது. எஃப் 11-க்கு மேல ஒளியின் விளிம்பு விளைவு எல்லாரையும் சமமாக்கிடும். வித்தியாசம் தெரியுறது முழுசாத் திறந்த துளையில, நீளமான முனையில, ஓரத்துல. உங்களுக்கு அது வேணுமான்னு முதல்ல பாருங்க. வேணும்னா பிராண்டை விட லென்ஸ் வந்த வருஷத்தைப் பாருங்க. புதுப் பதிப்பு பழைய பதிப்பை ஜெயிக்கிற அளவுக்கு ஒரு பிராண்டு இன்னொரு பிராண்டை ஜெயிக்கிறது அபூர்வம். வாங்கின அன்னிக்கே ஸ்டாண்டு போட்டு, சுவத்துல ஒரு செய்தித்தாளை நேரா ஒட்டி, 70, 135, 200 மூணுலயும் முழுத் துளையில எடுத்துப் பாருங்க. இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லைன்னா மாத்திக் கேளுங்க. அது உங்க காசு.

டீக்கடைச் சண்டையை நிறுத்தச் சொல்லல. அது இல்லாம டீ இறங்காது. ஆனா அடுத்த தடவை 'எங்காளு லென்ஸ்'னு ஆரம்பிக்கும்போது, அந்தப் பீரங்கிப் படை வீரர்களையும் 1,700 குழாயோட உக்காந்திருந்த ஒகசாகியையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அவங்க எல்லாரும் நம்ம ரெண்டு பேர் பைக்குள்ளயும்தான் இருக்காங்க.

கொசுறு: மேலே சொன்ன ஹாப்கின்ஸோட மாணவர் நம்ம பஞ்சாபிலிருந்து போன நரிந்தர் சிங் கபானி. கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று இருவரும் 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இன்டர்நெட் கேபிள் வரைக்கும் போற கதை அது. இன்னொரு நாள் எழுதுறேன்.